மொரினி 3½ ஸ்போர்ட்: ஸ்பேர் கிடைக்காத ஒரு இத்தாலிய பைக்கை வாங்கி ஓட்டியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இத்தாலியின் பொலோன்யா நகரில் பேக்கிங் இயந்திரங்களை வடிவமைக்கும் ஒரு பொறியாளருக்கு 1970களின் மோட்டோ மொரினி 3½ பைக் (3½ என்பது 350 சிசி வகுப்பைக் குறிக்கிறது) ஒன்று வேண்டியிருந்தது. துடைத்து வைத்து அழகு பார்க்க அல்ல. வார இறுதியில் ஃபூத்தா, ரத்திகோசா கணவாய்கள் வழியாக மலையேறி ஃப்ளாரன்ஸ் பக்கம் போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. அவரோடு வேலை பார்க்கிறவன் என்பதால், வண்டி தேடியதிலிருந்து இன்றுவரை நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆட்களின் பெயர் இங்கே தேவையில்லை. அவரை ‘வாங்கியவர்’ என்றும், உதவிக்கு வந்த பெரியவரை ‘மெக்கானிக்’ என்றும் குறிப்பிடுகிறேன். மெக்கானிக்குக்கு வயது எழுபதுக்கு மேல். பட்டறையை மூடிவிட்டார், கருவிகளை மட்டும் விற்கவில்லை.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த தலைவலிகள் எல்லாம் அதன் வடிவமைப்பிலேயே இருக்கின்றன. அல்ஃபோன்சோ மொரினி 1937ல் பொலோன்யாவில் தொடங்கிய சிறிய கம்பெனி இது. 1963ல் 250 சிசி உலகப் பந்தயத்தில் ஒற்றை சிலிண்டர் வண்டியை வைத்துக்கொண்டு ஹோண்டாவின் நான்கு சிலிண்டரோடு மல்லுக்கட்டி, இரண்டே புள்ளியில் பட்டத்தைக் கோட்டைவிட்டது. 3½ வண்டியை வடிவமைத்தவர் ஃபிராங்கோ லம்பெர்த்தினி. 1971 மிலான் கண்காட்சியில் காட்டப்பட்டு 1973ல் விற்பனைக்கு வந்தது. 344 சிசி, 72 டிகிரி கோணத்தில் இரண்டு சிலிண்டர், ஆறு கியர், எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச்.

இந்த எஞ்சினில் இரண்டு விஷயங்கள் வித்தியாசமானவை. ஒன்று, சிலிண்டர் ஹெட்டின் அடிப்பக்கம் சப்பையாக இருக்கும். பெட்ரோல் எரிகிற அறை ஹெட்டில் கிடையாது, பிஸ்டனின் தலையில் குழியாக இருக்கிறது. ஹெரன் ஹெட் என்பது இதுதான். தயாரிக்க மலிவு, சிக்கனமாகவும் ஓடும். ஆனால் இந்த பிஸ்டன் வேறு எந்த வண்டியிலும் போகாது, வேறு வண்டியின் பிஸ்டனும் இதில் வராது. இரண்டு, வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம் ஷாஃப்டைச் சுற்றுவது சங்கிலி அல்ல, பல் வைத்த ரப்பர் பெல்ட். காரில் பார்த்திருப்போம், அன்றைய பைக்குகளில் அது புதுமை.

கம்பெனி 1987ல் கஜீவா என்ற இன்னொரு இத்தாலிய பைக் கம்பெனியின் கைக்குப் போனது, அப்புறம் பல கை மாறியது. 2018 முதல் சீனாவின் ஜோங்நெங் குழுமத்திடம் இருக்கிறது. பெயர் ஓடுகிறது; ஆனால் ஷோரூமில் போய் 1975 மாடலுக்கு பிஸ்டன் கேட்க முடியாது. நம் ஊர் லாம்ப்ரெட்டாவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதுவும் இத்தாலிய வண்டிதான். ஆனால் இன்னொசென்தி கம்பெனியின் அச்சுகளும் இயந்திரங்களும் 1970களில் லக்னோவுக்கே வந்துவிட்டதால், லாம்ப்ரெட்டாக்காரர்கள் ஸ்பேருக்காகத் தவித்தது குறைவு. மொரினிக்கு அப்படி ஒரு லக்னோ கிடைக்கவில்லை.

இரண்டு வண்டிகள்

பார்க்கக் கிடைத்தவை இரண்டு. முதலாவது ஒரு விற்பனையாளரிடம் இருந்தது. புது பெயின்ட், புது குரோம், சீட்டில் ஒரு சுருக்கம் இல்லை. டாங்க்கும் ஹேண்டில்பாரும் ஸ்போர்ட் மாடல், விலையும் ஸ்போர்ட் விலை. எஞ்சினை யார் திறந்தார்கள், என்ன மாற்றினார்கள் என்று கேட்டதற்கு ஒரு ரசீதோ புகைப்படமோ வரவில்லை. மெக்கானிக் ஹெட் போல்ட்டுகளின் தலையைத் தடவிப் பார்த்தார். முனைகள் மழுங்கிப் போய், அதன் மேலேயே பெயின்ட் அடித்திருந்தது. சரியான ஸ்பேனர் இல்லாத யாரோ திறந்திருக்கிறார்கள் என்றார். ஸ்போர்ட்டுக்கும் சாதாரண ஸ்ட்ராடாவுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் பிஸ்டனிலும் கேமிலும் இருக்கிறது, வெளியே டாங்க்கை மாற்றினால் போதும், பார்க்கிறவருக்குத் தெரியாது.

இரண்டாவது வண்டி இமோலாவுக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டின் கொட்டகையில் நின்றது. 1975 ஸ்போர்ட், முன்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ளது, கிக்கர் மட்டும். ஒரே ஆள் வாங்கி, ஒரே ஆள் ஓட்டியது. அவர் இறந்துபோக, பிள்ளைகள் விற்கிறார்கள். டாங்க் உள்ளே துரு, ஒரு சைலன்சர் அடியில் ஓட்டை, கார்ப்பரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி. பார்வைக்குப் பரிதாபம்.

எதை வாங்குவது என்று தீர்மானிக்க, மெக்கானிக் வண்டியின் பாகங்களை மூன்று கூறாகப் பிரித்துக் காட்டினார். இந்த ஆய்வில் எடுத்துக்கொள்ளத் தக்கது என்று நான் நினைப்பது முதலில் இதைத்தான்.

முதல் கூறு, எந்தக் கடையிலும் கிடைப்பது: பேரிங், ஆயில் சீல், டயர், செயின், கேபிள், பிளக். பேரிங்கையும் சீலையும் மொரினி தயாரிக்கவில்லை, அளவு சொன்னால் கொடுப்பார்கள். இரண்டாம் கூறு, அந்தக் காலத்து மற்ற இத்தாலிய வண்டிகளோடு பங்கு போட்டுக்கொண்டவை: டெல்லோர்ட்டோ கார்ப்பரேட்டர், மார்சோக்கி ஃபோர்க், கிரிமேகா பிரேக், டுகாட்டி எலெத்ரோதெக்னிகாவின் இக்னிஷன். டுகாட்டி, லவெர்தா, கூட்சி ஓட்டுகிறவர்களும் இவற்றைத் தேடுவதால் யாராவது செய்து விற்கிறார்கள். கார்ப்பரேட்டர் ஜெட் இன்றும் புதிதாகவே வாங்கலாம். மூன்றாம் கூறு மொரினி மட்டும் செய்தது: பிஸ்டன், சிலிண்டர், கேம், கியர்பாக்ஸ் பற்சக்கரங்கள், கிக்கரின் கியர், எஞ்சின் கவர்கள், டாங்க், சைடு பேனல்.

முதல் இரண்டு கூறில் என்ன குறை இருந்தாலும் அது பணமும் பொறுமையும். மூன்றாம் கூறில் ஒன்று குறைந்தால் வண்டி நிற்கும். கொட்டகை வண்டியில் மூன்றாம் கூறு முழுசாக, யாரும் கை வைக்காமல் இருந்தது. கிக்கரை மெதுவாக அழுத்தியபோது எஞ்சின் சுற்றியது, இரண்டு சிலிண்டரிலும் எதிர்ப்பு தெரிந்தது. பளபளப்பான வண்டியில் அந்தக் கூறு மட்டும்தான் சந்தேகம். ஆக, அழுக்கு வண்டியை வாங்குவது என்று முடிவானது. பேரத்திலும் துருவைப் பற்றியோ டயரைப் பற்றியோ பேசவில்லை. சைலன்சர் ஓட்டைக்கு மட்டும் விலையைக் குறைக்கச் சொன்னார்கள்.

பத்திரங்கள்

இது சீக்கிரம் முடியும் என்று எல்லோரும் நினைத்த பகுதி. பொலோன்யாவைக் குறிக்கும் பழைய ‘பிஓ’ நம்பர் பிளேட்டும் வண்டிப் புத்தகமும் இருந்தன. ஆனால் சொந்தக்காரர் இறந்துவிட்டதால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும், ஒரு வாரிசு அர்ஜென்டினாவில். அந்தக் கையெழுத்து வரும் வரை வண்டி கொட்டகையிலேயே இருந்தது, வாங்கியவர் முன்பணமும் கொடுக்கவில்லை. பழைய பிளேட்டோடு ஒரு வண்டி கிடைப்பது அங்கே மதிப்பு, அதற்காகக் காத்திருந்ததில் தவறில்லை.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே உதைத்துப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. மெக்கானிக் விடவில்லை. “முதல்ல பெல்ட்டை மாத்து, அப்புறம் மத்ததைப் பேசலாம்” என்றார்.

கழற்றிய பெல்ட்டை அவர் விரலில் மடித்துக் காட்டினார். வெளியே பார்த்தால் நல்ல பெல்ட், உள்பக்கம் பற்களின் அடியில் மயிரிழையாக வெடிப்பு ஓடியது. ஓடிய கிலோமீட்டர் ரொம்பக் குறைவு, ஆனால் ரப்பருக்கு வயதுதான் கணக்கு. ஓடும்போது பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், வால்வுகள் திறந்த இடத்திலேயே நிற்கும், பிஸ்டன் மட்டும் மேலே வரும். என்ன வளையும் என்று பரிசோதித்துப் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை. பெல்ட்டை மொரினிக்கென்றே ஸ்பேர் விற்கும் சில கடைகள் வைத்திருக்கின்றன, விலையும் அதிகமில்லை.

பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, எஞ்சினைக் கையால் சுற்றினார்கள். பழைய ஆயிலை வடித்து, ஆயிலை வடிகட்டும் வலையைக் கழுவினார்கள். டாங்க்கில் துருவை எடுத்தார்கள், ஆனால் உள்ளே பூச்சு எதுவும் பூசவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் சில பழைய பூச்சுகள் உரிந்து கார்ப்பரேட்டரை அடைக்கும் என்பதுதான் காரணம். பெட்ரோல் குழாயின் ரப்பர் வாஷர்களை எத்தனால் தாங்குகிற வகைக்கு மாற்றினார்கள்.

வண்டி கிளம்பியது. ஆனால் பின் சிலிண்டரிலிருந்து நீலப் புகை.

சூடானால் நிற்கும் சிலிண்டர்

புகையைச் சரிசெய்யத் தொடங்கும் முன்பே இன்னொரு தொல்லை வந்தது. சூடு ஏறியதும் முன் சிலிண்டர் விட்டு விட்டு ஓடும், ஆறினால் சரியாகிவிடும். கார்ப்பரேட்டர் என்று நினைத்துச் சுத்தம் செய்ததில் பலனில்லை. இந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் பெட்டி உண்டு, அது கண்டுபிடிப்பதைச் சுலபமாக்கியது. முன் பெட்டியைப் பின்னாலும் பின் பெட்டியை முன்னாலும் மாற்றி ஓட்டினார்கள். கோளாறு பின் சிலிண்டருக்குத் தாவியது. சரி, பெட்டிதான் குற்றவாளி.

பழைய பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்துப் போடுவதா, இன்றைய எலெக்ட்ரானிக் இக்னிஷன் செட் வாங்குவதா? பழைய பெட்டி கிடைக்கும், ஆனால் அதுவும் அதே வயது, அதே சாலிடர். புது செட்டை வாங்கினார்கள். ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார்கள்: ஃபிரேமில் புதிதாக ஒரு துளைகூடப் போடக்கூடாது, பழைய வயரிங்கின் கனெக்டரை வெட்டக்கூடாது. பழைய பெட்டிகள் லேபிள் ஒட்டி அலமாரிக்குப் போயின.

புகையும் பிஸ்டனும்

பின் சிலிண்டரைத் திறந்தபோது பிஸ்டனின் மேல் ரிங் உடைந்து, அது உட்காரும் பள்ளம் நசுங்கியிருந்தது. சிலிண்டர் சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல். சிலிண்டரைப் போர் போட்டு, அதாவது உள்ளே கடைந்து சற்றுப் பெரிதாக்கி, அதற்கேற்ற ஒரு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் முடிந்தது. அந்த ஓவர்சைஸ் பிஸ்டன் ஸ்போர்ட் வகையில் எங்கும் இல்லை.

இமோலாவின் பந்தயத் தளத்தில் ஒவ்வொரு செப்டம்பரும் பழைய வண்டிப் பாகங்களுக்கான பெரிய சந்தை கூடும். அங்கே ஒரு விரிப்பின் மேல், எண்ணெய்த் தாளில் சுற்றி, பெட்டி திறக்காத ஒரு ஜோடி 3½ பிஸ்டன் கிடைத்தது. அளவு சரி. “ஸ்போர்ட்தான், எடுத்துக்கோ” என்றார் விற்றவர். மெக்கானிக் நம்பவில்லை.

கணக்கு இதுதான். பிஸ்டனின் விட்டம் 62 மி.மீ., அது நகரும் தூரம் 57 மி.மீ. ஒரு சிலிண்டர் 172 சிசி. அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் வந்த கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது, ஸ்போர்ட்டுடையது சுமார் 11, ஸ்ட்ராடாவுடையது சுமார் 10. 11 என்றால் எரியும் அறை 17.2 சிசி இருக்க வேண்டும், 10 என்றால் 19.1 சிசி. வித்தியாசம் இரண்டு சிசிக்கும் குறைவு. அறை பிஸ்டன் தலையிலேயே இருப்பதால், அந்த வித்தியாசம் குழியின் ஆழத்தில்தான் இருந்தாக வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாது.

கழற்றிய பழைய பிஸ்டனைப் பையில் கொண்டு போயிருந்தார்கள். இரண்டையும் சமமாக நிறுத்தி, தலைமேல் நடுவில் துளையிட்ட கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, ஊசி போடும் சிரிஞ்சால் துளை வழியாக எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். காற்றுக் குமிழி மறைந்து தகட்டின் அடியை எண்ணெய் தொட்டதும் சிரிஞ்சில் அளவு பார்க்க வேண்டும். பழையதைவிடப் புதியது ஒன்றே முக்கால் சிசிக்கு மேல் குடித்தது. ஆக அது ஸ்ட்ராடா பிஸ்டன். விற்றவர் முகத்தைச் சுளிக்காமல் விலையைக் குறைத்தார், அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது முடிவெடுக்க வேண்டியது வாங்கியவர். பின் சிலிண்டருக்கு மட்டும் புதியது போட்டால், ஒரு சிலிண்டர் 11, மற்றது 10 என்று எஞ்சின் நொண்டும். அது பேச்சுக்கே இடமில்லை. ஸ்போர்ட் பிஸ்டனைப் புதிதாகச் செய்யச் சொல்லலாம், ஆனால் இரண்டே பிஸ்டனுக்கு எந்தத் தயாரிப்பாளரும் மலிவாக இயந்திரத்தை அமைக்க மாட்டார். மூன்றாவது வழி, இரண்டு சிலிண்டரையும் போர் போட்டு இரண்டு ஸ்ட்ராடா பிஸ்டனையும் போடுவது. நல்ல நிலையில் இருந்த முன் சிலிண்டரையும் கடைவதா என்ற தயக்கம் இருந்தது. போட்ட போரைத் திரும்ப எடுக்க முடியாது.

கடைசியில் மூன்றாவது வழிதான். வண்டி மலைச் சாலையில் ஓடப்போகிறது, பந்தயத்தில் அல்ல. ஸ்ட்ராடா சுமார் 35 குதிரைத்திறன், ஸ்போர்ட் சுமார் 39 என்பார்கள். அந்த இடைவெளியில் ஒரு பங்கு கேமிலிருந்து வருவது, கேம் ஸ்போர்ட்டாகவே இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் சாதாரண பெட்ரோலில் எஞ்சின் தட்டாமல் ஓடும். இரண்டு பிஸ்டனையும் தராசில் நிறுத்து எடையைச் சமப்படுத்தி, போர் போட்டு, சிலிண்டரின் உள்சுவரைத் தேய்த்து ஹோன் செய்து மாட்டினார்கள். நல்ல நிலையில் இருந்த பழைய முன் பிஸ்டனை அளவுகள் எழுதிய சீட்டோடு பத்திரப்படுத்தினார்கள்.

ரன்னிங்-இன் முடிந்ததும் ரத்திகோசா ஏறிப் பார்த்தார். கீழ் வேகத்தில் முன்பைவிட வண்டி மென்மையாக இழுக்கிறது, உச்சியில் கொஞ்சம் மந்தம் என்றார். புகை இல்லை.

கிளட்ச்

நடுவில் ஒருமுறை மலையேற்றத்தில் கிளட்ச் வழுக்கியது. உலர் கிளட்சுக்குள் எண்ணெய் கசிந்திருந்தது. சீல் முதல் கூறு, அளவு சொல்லி பேரிங் கடையில் வாங்கியது. பிளேட்டுகளுக்குப் புது லைனிங் ஒட்டிக் கொடுத்தார்கள்.

கிக் கியர்

அடுத்த ஆண்டு உண்மையான சோதனை வந்தது. உதைத்தால் கால் சும்மா கீழே போகும், சில நேரம் நறநற என்று பிடிக்கும். கவரைத் திறந்தால் கிக்கரின் கியரில் பற்கள் தேய்ந்து கூம்பியிருந்தன. இந்த வண்டிக்கு எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் கிடையாது, பழைய சொந்தக்காரர் வாழ்நாள் முழுக்க உதைத்தே ஓட்டியிருக்கிறார். மூன்றாம் கூறு பாகம். தேடிய இடத்தில் எல்லாம் கிடைத்தவை இதே அளவு தேய்ந்த பழைய கியர்கள்.

வாங்கியவர் இங்கே தன் தொழிலைக் கையில் எடுத்தார். பேக்கிங் இயந்திரத் தொழில் பொலோன்யாவைச் சுற்றிச் செழித்திருப்பதால், சிறு எண்ணிக்கையில் பற்சக்கரம் வெட்டிக் கொடுக்கும் பட்டறைகளுக்கு அங்கே குறைவில்லை. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேயாத பற்களாகப் பார்த்து அளந்து வரைபடம் போட்டார். வடிவத்தைவிட இரும்பின் குணம்தான் சிக்கல். மேல்தோல் கடினமாகவும் உள்ளே கொஞ்சம் வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். முழுக்கக் கடினமாக்கினால் உதைக்கும் அதிர்ச்சியில் பல் உடையும். பழைய கியரின் ஓரத்தில் கடினத்தை அளந்து, கார்பன் ஏற்றிக் கடினப்படுத்தும் வகை எஃகைத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு கியருக்கு விலை கேட்டபோது தலை சுற்றியது. விலையில் பெரும்பகுதி இயந்திரத்தை அமைக்கும் கூலி, ஒன்று வெட்டினாலும் பத்து வெட்டினாலும் அது ஒன்றுதான். மொரினி வைத்திருக்கும் மற்றவர்களிடம் சொல்லி, முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு தொகுதியாகச் செய்தார். முதலில் ஒரே ஒரு மாதிரியைத் தன் வண்டியில் மாட்டி ஒரு குளிர்காலம் முழுக்க உதைத்தார். பல்லில் தேய்மானம் சீராக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மீதியை வெட்டச் சொன்னார். காசு கொடுத்தவர்களில் சிலர் இந்தத் தாமதத்துக்கு முணுமுணுத்தார்கள், ஆனால் என் பார்வையில் இந்தக் கதையின் மிக நல்ல முடிவு அதுதான்.

இன்றைய நிலை

வண்டி வாரம் தவறாமல் ஓடுகிறது, இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் கட்டாயப் பரிசோதனையிலும் தேறியது. பாகங்களுக்குச் செலவான தொகை வண்டியின் விலையைத் தொட்டுவிட்டது. விற்றால் அது திரும்பாது, அவருக்கு விற்கும் எண்ணமும் இல்லை. ‘ஸ்போர்ட் பிஸ்டன் இல்லாத ஸ்போர்ட்’ என்று சிலர் குறை சொல்வதுண்டு. உள்ளே என்ன மாற்றப்பட்டது என்ற குறிப்பேடும் ரசீதுகளும் புகைப்படங்களும் வண்டியோடு இருக்கின்றன, முதலில் பார்த்த பளபளப்பான வண்டியில் இல்லாமல் போனது அதுதானே.

அடுத்த முறை என்றால்

அதே கூறு பிரிக்கும் முறையைத்தான் பின்பற்றுவேன் என்கிறார் வாங்கியவர், ஆனால் வரிசையை மாற்றுவாராம். வாங்கும் முன்பே பிளக் ஓட்டை வழியாகக் காற்றை அடைத்து, எந்தப் பக்கம் கசிகிறது என்று பார்க்கும் சோதனையைச் செய்ய விற்பவரிடம் அனுமதி கேட்பார். எதிர்ப்பு தெரிந்தது என்று கால் சொன்னதை நம்பியதில்தான் உடைந்த ரிங் தப்பிவிட்டது. விலையைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம், வாங்கும் முடிவு மாறியிருக்காது. இரண்டாவது, மூன்றாம் கூறில் தேயக்கூடியவை எவை என்று முதல் வாரமே பட்டியல் போட்டு, வண்டி நன்றாக ஓடும்போதே தேடத் தொடங்குவார். நின்ற பிறகு தேடினால் கேட்கிற விலையைக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. மெக்கானிக்குக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. தேவைப்படாததை எல்லாம் வாங்கி அடுக்கினால் அடுத்தவன் வண்டி நிற்கும் என்கிறார், அதையும் மறுக்க முடியவில்லை.

11 விகித பிஸ்டனைச் செய்யச் சொல்லும் யோசனை கைவிடப்படவில்லை. கிக் கியருக்குப் பணம் போட்டவர்களிடமே கேட்டிருக்கிறார். ஒரு தொகுதிக்குத் தேவையான அளவு ஆட்கள் இன்னும் சேரவில்லை.